ஒன்றையும் ஒளிக்காதவரின் மின்சாரக் கார்

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருகிறவர்கள் பொய் சொல்லுவார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் போய் 'இனிப்பே தொடுறதில்ல டாக்டர்' என்கிறோமே, அந்த மாதிரிதான். "சும்மா நின்ன வண்டி அண்ணே, தானா ஆயில் ஒழுகுது" என்பார்கள். குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் பாறையில் இடித்துப் பிளந்திருக்கும். "வேற யாரும் கைவைக்கல" என்பார்கள். திருகாணித் தலையில் கத்தி முனை கீறிய தடம் புதிதாக மின்னும். தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் கடை போட்ட நாளிலிருந்து எனக்குப் பாதி வேலை வண்டியைப் பார்ப்பது, மீதி வேலை கொண்டுவந்தவரின் மூஞ்சியைப் பார்ப்பது. அலுத்துப்போன வேலை இந்த இரண்டாவதுதான்.

பொய் சொல்லாத கஸ்டமர் எனக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். பொய் சொல்லாதவர் என்றால் போதாது, கேட்காததையும் சொல்லிவிடுவார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். போலீஸ் டிபார்ட்மெண்டில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே எந்த மெக்கானிக் மாட்டிக்கொண்டிருக்கிறானோ தெரியவில்லை.

அவர் ஒரு பழுதைச் சொல்ல ஆரம்பித்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

"தம்பி, நேத்து இலஞ்சி வளைவுல ஒரு ஆட்டுக்குட்டி குறுக்க வந்துட்டு. பிரேக்க அமுக்கிட்டேன். ஆனா அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் நான் ரோட்டப் பாக்கல. கடையில ஒருத்தன் தோச சுட்டுட்டு இருந்தான், அதப் பாத்துட்டு வந்தேன். தப்பு எம்மேலதான். அதுலயிருந்து வலது பக்கம் கிர்ருன்னு ஒரு சத்தம் கேக்கு."

"அண்ணாச்சி, சத்தத்த மட்டும் சொன்னாப் போதும்."

"எல்லாத்தையும் சொன்னாத்தான தம்பி ஒங்களுக்கு வெளங்கும்?"

ஒருமுறை கிளட்ச் தேய்ந்துபோய் வந்தார். அப்போது அவரிடம் பழைய டீசல் கார் ஒன்று இருந்தது. அவர் மனைவி மதினியும் கூட வந்திருந்தார்கள். "வீட்ல சண்ட தம்பி. அந்தக் கோவத்த அவகிட்டக் காட்ட முடியல, கிளட்சுகிட்டக் காட்டிட்டேன்" என்றார். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதையுமா இங்கன வந்து சொல்லணும்?" என்றார்கள். ஆனால் பாருங்கள், அவர் வண்டியில் நான் ஒருநாளும் தப்பான இடத்தைப் பிரித்ததில்லை. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நேரே போய்க் கைவைத்தால் பழுது அங்கே இருக்கும். அப்படி ஒரு கஸ்டமர் கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

இந்தக் குணத்தால் அவர் டிபார்ட்மெண்டில் பட்ட கதையை மதினிதான் சொன்னார்கள். கேரள எல்லையில் புளியறை செக்போஸ்ட்டில் ஒரு நாள் விடியற்காலை அவர் ஓட்டிய ஜீப் நேரே போய்த் தடுப்புக் கம்பத்தில் மோதிவிட்டது. அடி யாருக்கும் இல்லை. கூட இருந்த அதிகாரி, பிரேக் பிடிக்கவில்லை என்று ரிப்போர்ட் எழுதிவிட்டார். அண்ணாச்சியைக் காப்பாற்றத்தான் எழுதினார். விசாரணையில் அண்ணாச்சி எழுந்து நின்று, பிரேக் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் அசந்துவிட்டேன் என்றார். அவருக்குச் சம்பள உயர்வு நின்றது, அந்த அதிகாரிக்கு ஊர் மாறியது.

"ஒரே ஒரு வார்த்த தம்பி. பிரேக் புடிக்கலன்னு ஒரு வார்த்த. அந்த ஜீப்பா வந்து சாட்சி சொல்லப்போவுது?" என்று மதினி என்னிடம் கேட்டார்கள். இன்றைக்குள்ள வண்டி என்றால் சொல்லியிருக்கும். எந்த நொடியில் எவ்வளவு பிரேக் அமுக்கினாய் என்பதுவரை அதற்குள் பதிவாகி இருக்கும். அது கம்பெனிக்குச் சொல்லும், நமக்குத்தான் சொல்லாது.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும் என்பது மதினியின் ஆசை. மேலகரத்தில் வீடு. குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு அறையை வாடகைக்கு விட்டால் அதுபாட்டுக்கு வருமானம். நியாயமான ஆசைதான். அண்ணாச்சியோ மின்சாரக் கார் வாங்கி சீசனுக்கு டாக்சி ஓட்டுவேன் என்று நின்றார். முப்பது வருஷமாக அடுத்தவர் வண்டியை ஓட்டி, அடுத்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர். மதினி கடைசியில் சரி என்றுவிட்டார்கள். கையிலிருந்த மொத்தமும் அந்தக் காரில் போய் உட்கார்ந்தது. சீசன் ஓட்டம் ஓடினால்தான் வீட்டில் அந்த வருஷம் ஓடும் என்கிற நிலைமை.

வாங்கின மறுநாளே, வண்டிக்குப் போட்ட மாலை வாடும் முன், கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு மூடி, அதற்குக் கீழே இன்னொரு மூடி, தடித்தடியாக ஆரஞ்சு வயர், அதன்மேல் மின்னல் படம் போட்ட எச்சரிக்கை. கோயம்புத்தூரில் இந்த வண்டிகளுக்கான பயிற்சிக்கு நான் போய்வந்திருந்தேன். அங்கே முக்கியமாகக் கற்றுக்கொண்டது, எதையெல்லாம் தொடக் கூடாது என்பதைத்தான். கையுறையும் மீட்டரும் நம்மிடம் இருக்கலாம், வண்டியின் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற அனுமதி கம்பெனி ஆளுக்கு மட்டும்தான்.

"இதுல எனக்கு வேல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஏதாச்சும்னா திருநெல்வேலிக்குத்தான் கொண்டு போணும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் யார்ட்டச் சொல்லுவேன்?" என்றார்.

கஸ்டமர் கேரில் சொன்னார். அவர் ஃபோனில் பேசுவதை என் கடை வாசலில் வைத்து நானே கேட்டிருக்கிறேன். எந்த ஊரிலோ உட்கார்ந்திருந்த ஒரு பெண், பாவம், கம்ப்ளெயிண்ட் என்ன சார் என்று கேட்டுவிட்டது. "ஐந்தருவி ஏத்தத்துல போகையில ஒரு குரங்குக்கு வாழப்பழம் குடுக்க நிறுத்துனேம்மா. குடுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு, இருந்தும் குடுத்துட்டேன். திரும்ப எடுக்கும்போது ஒரு குலுக்கு" என்று தொடங்கினார். அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிட்டது. அவர் அதே நம்பரை மறுபடி அழுத்தினார்.

எங்கள் பக்கத்து டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரேடியேட்டருக்கு அருவித் தண்ணீர்தான் ஊற்றுவார்கள். குழாய்த் தண்ணீரில் உப்பு, அருவித் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், துருப் பிடிக்காது என்பது நம்பிக்கை. சீசனில் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்ததும் கேனில் பிடித்து டிக்கியில் வைத்துக்கொள்வார்கள். மலை ஏறிக் கேரளா போகிற லாரிக்காரர்கள்கூட அப்படித்தான். பழைய வண்டிகளுக்கு அதனால் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை. அதனால் நானும் யாரையும் தடுத்ததில்லை.

மின்சாரக் காரிலும் பேட்டரியைக் குளிரவைக்க ஒரு திரவம் ஓடுகிறது. அது சாதாரணத் தண்ணீர் அல்ல, மின்சாரம் கடத்தாதபடி தயாரித்தது. ஆடி மாதம், சீசன் உச்சத்தில், அந்தத் தொட்டியில் திரவம் கோட்டுக்கு ஒரு விரல் கீழே இறங்கியிருப்பதை அண்ணாச்சி பார்த்தார். கஸ்டமர் கேரில் கேட்டார். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கொண்டுபோனால் அன்றைய ஓட்டம் போய்விடும், வெளியூர்க் குடும்பம் ஒன்று காத்துக்கொண்டிருந்தது. கை டிக்கிக்குப் போய்விட்டது. கேனைத் திறந்து, வாழ்நாள் முழுக்கச் செய்ததைச் செய்தார்.

அதற்கடுத்த வாரம் நல்ல சாரலில், பழைய குற்றாலம் போகிற வழியில், வண்டி தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. திரையில் சிவப்பு எழுத்து. மின்சாரம் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எங்கே கசிந்தாலும் இந்த வண்டிகள் மொத்தமாக நின்றுவிடும். ஆளைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு, அதில் எனக்குக் குறை இல்லை.

ஒரு லாரியின் முதுகில் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் அவரிடம் ஒன்றைத்தான் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அண்ணாச்சி, தண்ணி ஊத்துனத மட்டும் சொல்லிராதிய. வண்டி நின்னுட்டு, அவ்வளவுதான். மத்தத அவிய பாத்துக்கிடட்டும்."

"கேட்டா?"

"கேட்டாலும் சொல்லாதிய."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக் கதவு, ஏசி, காபி. மேனேஜர் சின்ன வயசு, மரியாதையான பையன். உட்காருங்க சார் என்றான். இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை. அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொடங்கிவிட்டார். "கூலன்ட்டு ஒரு விரக்கட கொறஞ்சிருந்தது தம்பி." நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். "தம்பி, காலை மிதிக்காதிய" என்று என்னிடம் சத்தமாகவே சொல்லிவிட்டு, "அதுல நான் ஐந்தருவித் தண்ணிய ஊத்திட்டேன்" என்று முடித்தார்.

பையன் அதைக் கம்ப்யூட்டரில் தட்டினான். உள்ளே போய் வந்தான். வாரண்டியில் வராது, பேட்டரியை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றான். அதற்கு அவன் சொன்ன தொகைக்கு இன்னொரு காரே வாங்கிவிடலாம்.

"பேட்டரிக்குள்ள என்ன கெட்டுருக்குன்னு பாத்தியளா?" என்று நான் கேட்டேன்.

"நாங்க அதைத் திறக்கக் கூடாது சார். மாத்த மட்டும்தான் முடியும்."

"தெறக்காம, தண்ணியாலதான் கெட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சார்தானே சொன்னாங்க."

திரும்பி வரும் வழியில் அவரோடு நான் பேசவே இல்லை. அவரும் வற்புறுத்தவில்லை. ஆலங்குளம் தாண்டும்போது, "அந்தப் பையன் மேல தப்பு இல்ல" என்றார். அந்த நேரத்தில் அவரை லாரியிலிருந்து தள்ளிவிடலாம் போல எனக்குக் கோபம் வந்தது.

கார் என் கடையில் வந்து இறங்கியது. சீசன் பாதி முடிந்திருந்தது. மதினி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மிச்ச சீசனுக்காவது ஓடுமா தம்பி? இல்லன்னா இவுகள இனி ஸ்கூல் வேன் ஓட்ட அனுப்பணும். இந்த வயசுல நான் எப்படி அனுப்புவேன்?" என்றார்கள். அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார்.

நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இறங்கினேன். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மின்கசிவு காட்டும் மீட்டரை ஒவ்வொரு ஆரஞ்சு வயராக வைத்துப் பார்த்தேன். ஏசிக்குப் போகிற வயரின் முனையில் கிடைத்தது. சாரல் தண்ணீர் உள்ளே இறங்கிப் பச்சை பூத்திருந்தது. துடைத்து, காயவைத்து, ரப்பர் வளையம் மாற்றினேன். பேட்டரிக்குக் குளிர் கொடுக்கிற திரவத்தையும் முழுக்க வடித்துக் கழுவி, சரியானதை வரவழைத்து ஊற்றினேன். திரும்ப மீட்டரை வைத்தால், எனக்கு எட்டுகிற இடத்தில் எங்கும் கசிவு இல்லை. அண்ணாச்சி கைகூப்பினார். நான் சாவியைப் போட்டேன்.

அதே சிவப்பு எழுத்து. பழுது நீங்கினாலும் பூட்டு நீங்காது. அதைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வந்துதான் நீக்க வேண்டும். கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். வெளியில் பிரித்த வண்டியை நாங்கள் தொட மாட்டோம் என்றார்கள். நல்ல வண்டி, நகராது. என் தொழிலில் இப்படி ஒரு வண்டியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சுரத்தே போய்விட்டது எனக்கு. இரண்டு நாள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புனலூர்ப் பக்கம் ஒருவர் இப்படிப் பூட்டை எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தமிழ்நாட்டுக்குள் ரொம்ப தூரம் வர மாட்டேன், எல்லையில் புளியறைவரை வருகிறேன் என்றார். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில், லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு கடையின் பின்புறம், அந்தச் சேட்டன் லேப்டாப்பைத் திறந்தார். கட்டன்சாயா ஆறும்வரை ஏதோ தட்டினார். திரையில் சிவப்பு மறைந்தது. வண்டி முன்னால் நகர்ந்தது, பின்னால் நகர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அண்ணாச்சி இறங்கி வந்து அவரிடம் கேட்டார். "வண்டி சரியாயிட்டா, இல்ல பூட்டு மட்டும் தெறந்திருக்கா?"

"வண்டி ஓடும் சேட்டா."

"ஓடுது, பாக்கேன். சரியாயிட்டான்னு கேக்கேன்."

அவர் லேப்டாப்பை மூடினார். "ஞான் பூட்டு தொறந்நு. அத்ரே உள்ளூ. பேட்டரிக்ககத்து எந்தாணென்னு எனிக்கறியில்லா." பூட்டைத் திறந்தது மட்டும்தான் தன் வேலை, பேட்டரிக்குள் என்ன என்று தனக்குத் தெரியாது என்கிறார்.

அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் கயிற்றைச் சுருட்டுகிற வேலையில் இருந்தேன்.

மறுநாளே தென்காசி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார். மதினி விபூதி பூசி அனுப்பினார்களாம். அன்று மாலைக்குள் ஸ்டேண்டு டிரைவர்கள் மூலம் எனக்குச் செய்தி வந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பெட்டியெல்லாம் ஏற்றி, ஆளும் ஏறி உட்கார்ந்தபிறகு, அண்ணாச்சி திரும்பி அவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

"ஒரு விஷயம் சொல்லிருதேன். இந்த வண்டிய ஓட்டக் கூடாதுன்னு கம்பெனி பூட்டியிருந்தது. வேற ஆளு வச்சுத் தெறந்திருக்கோம். எங்க மெக்கானிக்கு நல்லாத்தான் பாத்திருக்காரு. ஆனா பேட்டரிக்குள்ள யாரும் பாக்கல. சம்மதம்னா போவோம்."

அவர்கள் இறங்கிவிட்டார்கள். அடுத்து வந்தவர்களும் இறங்கினார்கள். ஒரு கல்லூரிப் பையன் மட்டும் சிரித்துக்கொண்டே ஏறினானாம், அவன் அம்மா ஃபோனில் கேட்டுவிட்டு இறங்கச் சொல்லிவிட்டாள். டிரைவர்களுக்கு அது தினசரி வேடிக்கையாகிவிட்டது. "அண்ணாச்சி சங்கதியச் சொல்லப்போறாரு, கதவத் தெறந்து வைங்கலே" என்று கேலி பேசினார்கள்.

மதினி என்னிடம் வந்து அழுதார்கள். "நீங்களாவது சொல்லுங்க தம்பி. நல்ல வண்டி, ஓடுது. வாயத் தொறக்காம ஓட்டுனா என்ன? மாடி போச்சு, கையில இருந்தது போச்சு. இந்தச் சீசனும் போனா நாங்க எங்க போவோம்?"

எனக்கு மதினி பக்கம்தான் நியாயம் என்று பட்டது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் படுகிறது. பார்த்தால் நாலு வார்த்தை உறைப்பாகக் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு மெயின் அருவிக்குக் குளிக்கப் போனேன். கடைசிக் கூட்டம். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஈரத் துணியோடு பிள்ளைகள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் அண்ணாச்சி, சும்மா, காரில் சாய்ந்துகொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பின்கதவைத் திறந்தார். சின்ன மகள் ஓடிப்போய் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம்மா" என்று அவளை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார். கேலியாகவோ கோபமாகவோ கேட்கவில்லை. பழுதைச் சொல்லுகிற அதே குரலில்தான் கேட்டார்.

"தம்பி, வேல பாத்தது நீங்க. ஒங்க பிள்ளையள இதுல ஏத்துவியளா?"

என் கைக்கு எட்டிய இடமெல்லாம் சரியாக இருந்தது. எட்டாத இடம்தான் வண்டியிலேயே பெரிய இடம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவி என் முகத்தையே பார்த்தாள். கேட்பதற்காக நான் வைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

"இதத்தான் தம்பி நானும் எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருக்கேன்" என்றார். என் மகளை மெதுவாகத் தூக்கிக் கீழே விட்டு, கதவைச் சாத்தினார். பிறகு அவரே மழையில் நனைந்துகொண்டு போய் ஓர் ஆட்டோவைக் கூட்டிவந்தார். எங்களை ஏற்றிவிட்டு, பின்பக்கம் குனிந்து பார்த்து, "எடது டயர்ல காத்து கொறவா இருக்கு, எறக்கத்துல மெள்ளப் போம் வே" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார்.